மஞ்சள் நூல் கட்டிய தூக்கு

ஒரே வீட்டுக்காரர்கள் ஒரே சாமியைக் கும்பிட்டுவிடலாம். ஒரே கட்சிக்கு ஓட்டுக்கூடப் போட்டுவிடலாம். ஒரே குழம்பை ஊற்றிக்கொண்டு, ஒருவரும் முகம் சுளிக்காமல் இலையை மடிப்பது மட்டும் நடக்கவே நடக்காது. இதை மாற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு தீபாவளிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பியவன் நான். அன்றைக்கு நான் பட்டதை என் குடும்பம் வருஷம் தவறாமல் எனக்கு ஞாபகப்படுத்துகிறது. (மறந்துபோய்விடுவேனோ என்ற அக்கறைதான், வேறென்ன.)

திருத்தணியில் எங்களுடையது முன்பக்கம் வீடு, பின்பக்கம் பட்டறை. நடுவில் ஒரு வாசற்படி. அந்தாண்டை இரண்டு விசைத்தறி, இந்தாண்டை நாங்கள். வருஷமெல்லாம் லுங்கி நெய்து நெய்து சுவரையும் எங்கள் பல்லையும் ஆட்டிக்கொண்டிருக்கிற தறிகள் தீபாவளிக்கு மட்டும் ஓய்ந்துபோகும். அந்தச் சத்தம் நின்றவுடன்தான் வீட்டு மனிதர்கள் பேசுவது காதில் விழும். விழுந்தவுடன் தறியே ஓடியிருக்கலாமே என்று இருக்கும்.

என்ன பேசுவார்கள்? சாப்பாடு. எனக்கு அது ஆகாது, இவருக்கு இது ஆகாது, அதைத் தொட்ட கரண்டியால் இதைத் தொடாதே.

முதலில் நைனா. என் அப்பா. சர்க்கரை. அரிசியைக் கண்ணால் பார்க்கலாம், வாயால் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேழ்வரகுக் களியும் கீரையும்தான். நைனா டாக்டருக்கு எதிரில் பசுமாடு மாதிரி தலையாட்டுவார். வீட்டுக்கு வந்தால் பூனை. ஜாங்கிரி டப்பாவை எந்தப் பரணில் வைத்தாலும் அந்தப் பரணுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அங்கேதான் காற்று வருகிறது என்பார்.

அடுத்து என் மகள் நிலா. சென்னைக்குப் படிக்கப் போனவள், ஆறேழு மாசத்தில் வீகன் ஆகித் திரும்பி வந்தாள். பால் கிடையாது, தயிர் கிடையாது, நெய் கிடையாது, தேன்கூடக் கிடையாது. மாட்டையும் தேனீயையும் கேட்காமல் எடுத்த எதையும் தொட மாட்டாளாம். இந்தச் செய்தியை நிலா என் அண்ணி சரோஜாவிடம் போனில் சொன்னபோது அண்ணிக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. முருகன் ஊரில் யார் எப்போது எதை விட்டாலும் அது வேண்டுதல்தான்.

"எந்தச் சாமிக்குடி மாலை போட்டுகினு இருக்கற?" என்று கேட்டார்.

"சாமிக்கு இல்ல பெரிம்மா. மாட்டுக்காக."

அண்ணி மனசுக்குள் மாசத்தை எண்ணினார். "அப்போ மாட்டுப் பொங்கல் வரிக்கும்தானே?"

மூன்றாவது, என் மனைவி புவனாவின் அண்ணன் தேவராஜ். மணவூர்க்காரர். என் மச்சான். தீபாவளி என்றால் அவருக்கு ஆட்டுக்கறி. பட்டாசு இல்லாமல்கூட இருந்துவிடுவார், கறி இல்லாவிட்டால் அன்றைக்குத் தீபாவளி என்பதையே ஒப்புக்கொள்ள மாட்டார்.

இத்தனைக்கும் எதிராக எங்கள் வீட்டில் நோன்பு. தீபாவளி அமாவாசையன்று எங்கள் குடும்பத்து மருமகள்கள் விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பார்கள். அதிரசம் சுட்டு, புதுப் பாத்திரத்தில் அடுக்கி, மூடி, மஞ்சள் கயிறு கட்டி, சாயங்காலம் ஈஸ்வரன் கோயிலுக்கு எடுத்துப் போய்ச் சாமி முன்னால் வைத்து எடுத்து வர வேண்டும். பித்தளையோ எவர்சில்வரோ, அதற்குப் பெயர் நோன்புச் சட்டி. மூடிய சட்டியைக் கோயிலுக்குப் போய் வருகிறவரை திறக்கக் கூடாது. அன்றைக்கு முழுக்க வாசற்படிக்குள் கவிச்சி நுழையக் கூடாது. இந்தச் சட்டங்களுக்கெல்லாம் எங்கள் வீட்டு உச்ச நீதிமன்றம் அண்ணி. மூத்த மருமகள். பள்ளிப்பட்டில் அண்ணனின் ஜவுளிக் கடை தீபாவளியன்று நெரிசலில் மூச்சு முட்டும். அண்ணன் கல்லாவை விட்டு எழ மாட்டார். அண்ணி மட்டும் பஸ் பிடித்து வந்து, நோன்புச் சட்டிக்குக் கயிறு கட்டித் தூக்குவார். கட்டுகிற உரிமையும் தூக்குகிற உரிமையும் அவருக்குத்தான். புவனா இளைய மருமகள். சுடுகிற உரிமை மட்டும் அவளுக்கு.

முந்தின வருஷம் தேவராஜ் தங்கைக்குத் தீபாவளி சீர் எடுத்துக்கொண்டு வந்தார். புடவை, பழம், பூ, மத்தாப்பு. எங்கள் வீட்டில் அன்றைக்கு வெங்காயம்கூடக் கிடையாது. பருப்பும் பூசணிக்காயும் பார்த்தார். "ஒரு வேலை இருக்குதும்மா, வந்துட்டேன்" என்று கிளம்பியவர், வரவே இல்லை. கே.ஜி.கண்டிகையில் ரோட்டோரக் கடையில் நின்றுகொண்டு பிரியாணி சாப்பிட்டதைப் பார்த்ததாக எதிர்வீட்டுக்காரர் வந்து சொன்னார். (இந்த மாதிரி சேதிக்கு மட்டும் பஸ் லேட்டே ஆகாது.)

புவனா கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"எனக்குன்னு இருக்கறது ஒரே அண்ணன். சீரை எடுத்துகினு வந்து குடுத்துட்டு, ரோட்டுல நின்னுகினு துன்னுட்டுப் போறாரு. நான் இங்க உங்க எல்லாருக்கும் தனித்தனியா வடிச்சுக் கொட்டிட்டு, அடுப்பாண்டயே நின்னுகினு நோன்ப முடிக்கறேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தீபாவளிக்கு நான் உக்காந்து துன்னதே கிடையாது, தெரியுமா உனக்கு?"

தெரியாது. அதைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"அடுத்த தீபாவளிக்கு நீ உக்கார்ற. உங்கண்ணன் பக்கத்துல இலை. எல்லாரும் ஒரே பந்தி. பரிமாறது நான்."

"பாக்கறேன்" என்றாள். அந்த 'பாக்கறேன்' ஒரு வருஷம் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆக, அந்தத் தீபாவளி. எனக்கு வயது நாற்பத்தைந்து. அறிவு வருவதற்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருந்தது.

என் திட்டம் எளிமையானது. கறியை வீட்டில் சமைத்தால்தானே தகராறு? தேவராஜுக்குப் போன் போட்டேன். "மச்சான், உங்க வூட்லயே செஞ்சு தூக்குல போட்டு எடுத்துகினு வந்துடுங்க. பட்டறையில வச்சிக்கலாம். பட்டறை வாசப்படிக்கு அந்தாண்ட. வீட்டுக் கணக்குல வராது." அண்ணியிடம் மட்டும் சொல்லவில்லை. சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிறவன் அதை நீதிபதியிடமா போய்க் காட்டுவான்?

தேவராஜ் மணவூரில் ரயிலேறி, மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தார். ஒரு கையில் சீர்த்தட்டு, இன்னொரு கையில் பளபளவென்று புதுப் பித்தளைத் தூக்கு. ரயிலில் ஒரு சொட்டுக் குழம்புகூடச் சிந்தக் கூடாது, வாசம் வந்து பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று மூடியைச் சுற்றி மைதா மாவு பிசைந்து அடைத்திருந்தார்.

"பாத்திரம் தங்கச்சிக்கு சீரு, மாப்ள. உள்ள இருக்கறது எனக்கு" என்றார்.

பட்டறையில் பாவு சுற்றுகிற மேசையைத் துடைத்து, ஒரு வாழையிலையைப் போட்டு, அதன்மேல் தூக்கை வைத்தேன். எனக்கே அழகாகத்தான் இருந்தது. பட்டறை ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் அந்தப் பித்தளை ஏதோ கருவறையிலிருந்து எழுந்து வந்தது மாதிரி மினுங்கியது. இதை நான் ஏன் இவ்வளவு விவரிக்கிறேன் என்பது சீக்கிரம் தெரியும்.

அடுத்துதான் என் மேதைமை. இத்தனை பாத்திரத்தில் எது யாருக்கு என்று பரிமாறும்போது குழம்பக் கூடாதே? பட்டறையில் நூலுக்கா பஞ்சம்? ஒவ்வொரு பாத்திரத்தின் காதிலும் ஒரு நிறம் கட்டினேன். நைனாவின் களிக்குச் சிவப்பு, ஆபத்து. நிலாவின் தேங்காய்ப்பால் பாயசத்துக்குப் பச்சை, இலை தழை. நோன்பு அதிரசத்துக்கு வெள்ளை, தூய்மை. கறிக்கு? கறுப்பு கட்டலாமென்றால் பண்டிகை நாள். நீல நூல் முழுக்கத் தறியில் பாவாக ஏறிவிட்டது. மிச்சம் இருந்தது மஞ்சள்.

கட்டினேன். பூ முடிச்சு வேறு.

வருஷா வருஷம் நோன்பு முடிந்ததும் அண்ணி என் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டுவார். குளிக்கும்போது, சாப்பிடும்போது, தறியில் அறுந்த இழையை முடியும்போது, அது இற்று விழுகிறவரை மாசக்கணக்கில் என் கண்ணெதிரே இருக்கும். அது என்ன நிறம் என்று அந்த நிமிஷம் என்னை யாராவது கேட்டிருந்தால் நிமிர்ந்து வானத்தைப் பார்த்திருப்பேன்.

நைனா தன் பாத்திரத்தைப் பார்த்து உறுமினார். "இன்னாடா இது, செவப்பு? நான் இன்னா ரயிலா?"

"உனக்கு எது ஆகும்னு தெரியறதுக்கு நைனா."

"எனக்கு எல்லாம் ஆகும். உங்களுக்குத்தான் நான் துன்னா ஆகல."

புவனாவிடமும் போய் நிற முறையை விளக்கினேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் திருப்பாமல் "ஆங்" என்றாள். அந்த 'ஆங்' சம்மதம் அல்ல. அடுப்பெதிரில் நிற்காதே என்று அர்த்தம். விடியலிலிருந்து வெறும் வயிற்றோடு களி கிண்டி, தேங்காய்ப்பால் பிழிந்து, அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். அவளை உட்கார வைக்கப்போகிறவன் நூல் கட்டிக்கொண்டிருந்தேன்.

பள்ளிப்பட்டு பஸ் கூட்டத்தில் நசுங்கி அண்ணி வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. கோயிலில் பெண்கள் வரிசை கட்டியிருப்பார்கள். அண்ணிக்கு ஒரே பரபரப்பு. "யாரும் என்னாண்ட வராதீங்க, யாரும் பேசாதீங்க, நான் குளிச்சுட்டு நேரா சட்டிய எடுத்துகினு போய்கினே இருப்பேன்" என்று அறிவித்துவிட்டுப் பின்பக்கம் போனார். குளித்தபின் சட்டியைச் சாமி முன்னால் இறக்குகிறவரை அண்ணி பேச மாட்டார். யாரும் தொடவும் கூடாது.

எங்கள் குளியலறை பட்டறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பிவந்த அண்ணி பட்டறையில் என்ன பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சுத்தமான இடம். துடைத்த மேசை. வாழையிலை. அதன்மேல் புத்தம்புதுப் பித்தளைத் தூக்கு, திறக்கக் கூடாதென்று மாவு வைத்து அடைத்த மூடி, காதில் மஞ்சள் நூல். இளையவளுக்கு இவ்வளவு ஆசாரமா என்று அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டதாம். (இதை அவரே பிற்பாடு சொன்னார். சொன்ன தொனி வேறு.) கயிற்றைத் தன்னைக் கேட்காமல் கட்டிவிட்டாளே என்ற வருத்தத்தைக்கூட நேரமில்லை என்பதற்காக மன்னித்துவிட்டாராம். தொட்டுப் பார்த்தார், சூடு (மத்தியானமெல்லாம் ஜன்னல் வெயிலில் இருந்த பித்தளை). இப்போதுதான் சுட்டு அடுக்கியிருக்கிறாள்! இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாக நேரே தெருவில் இறங்கிவிட்டார்.

அந்த நேரத்தில் நான் கூடத்தில் இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரே நீளமாக, ஒரே வரிசையாக. அண்ணி இலை, நைனா இலை, நிலா இலை, புவனா இலை. வாழ்க்கையே ஒழுங்குக்கு வந்துவிட்டது போலிருந்தது.

"மாப்ள," பட்டறையிலிருந்து தேவராஜ் குரல். "என் தூக்கு எங்க?"

"மேசை மேல மச்சான்."

"மேசை மேல எலை இருக்குது. தூக்கு இல்ல."

முதல் சந்தேகம் நைனாமேல்தான் விழுந்தது. வீட்டில் எது காணாமல் போனாலும் அங்கிருந்துதான் விசாரணை ஆரம்பிக்கும். கூடத்தில் நாற்காலி காலி. பின்கட்டில் பாத்திரங்கள் வைத்திருந்த இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். தோள் மெல்ல ஆடியது.

"நைனா! இன்னா பண்ற?"

திரும்பினார். வாயைத் திறக்க முடியவில்லை. கன்னம் உப்பியிருந்தது. கையில் வெள்ளை நூல். காலருகே எவர்சில்வர் சட்டி, மூடி திறந்தபடி. உள்ளே அதிரசம். பாதி அதிரசம் என்று சொல்ல வேண்டும்.

"செவப்புதானே எனக்கு ஆகாதுன்ன," என்றார் விழுங்கிவிட்டு. "இது வெள்ளை."

கோபப்பட வாயெடுத்தவன் அப்படியே நின்றேன். நோன்புச் சட்டி இங்கே இருக்கிறது. குளித்துவிட்டு நேராகச் சட்டியோடு போய்விடுவேன் என்ற அண்ணியைக் காணோம். அப்படியானால் அண்ணி எடுத்துக்கொண்டு போனது?



செருப்பு போடவில்லை. தெருவில் சரவெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் காகிதம் பூமாதிரி உதிர்ந்து கிடந்த தெருவில், பாதம் சுட, தாண்டித் தாண்டி ஓடினேன். மலைமேல் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. முருகா, நீ மேலே இருக்கிறாய், உனக்கு வாசம் எட்டியிருக்காது. கீழே உன் அப்பா கோயில். காப்பாத்து.

தெரு முனையில் அண்ணியைப் பார்த்தேன். ஈரத்தலை, பட்டுப்புடவை, இடுப்பில் பித்தளைத் தூக்கு. நேர்கொண்ட நடை. அண்ணிக்குப் பின்னால், மரியாதையான இடைவெளி விட்டு, மூன்று தெருநாய்கள். வெடிக்குப் பயந்து ஊரில் உள்ள நாயெல்லாம் கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கிற நாள் அது. இந்த மூன்றும் எந்த வெடிக்கும் அசையவில்லை. சப்பரத்துக்குப் பின்னால் போகிற கூட்டம் மாதிரி, தலையைத் தூக்கி, மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு போயின.

நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணி கோயில் வாசல் வரிசையில் நின்றுவிட்டார். முன்னாலும் பின்னாலும் பெண்கள், இடுப்பில் சட்டிகள், எல்லாவற்றிலும் மஞ்சள் கயிறு. அந்த வரிசையைப் பார்த்தபோதுதான் மஞ்சள் என்ற நிறம் என் மூளைக்குள் முதன்முதலாக நுழைந்தது.

"அண்ணி," என்றேன் தாழ்ந்த குரலில். "வாங்க, வூட்டுக்குப் போலாம்."

அண்ணி முறைத்தார். வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

"அது நம்ம சட்டி இல்ல அண்ணி."

மஞ்சள் நூலைத் தொட்டுக் காட்டினார். இது என்ன, கண் தெரியவில்லையா என்று அர்த்தம்.

"அத நான்தான் கட்டினேன்."

அண்ணியின் புருவம் மண்டைக்கு ஏறியது. நோன்புச் சட்டிக்கு ஆம்பளை கயிறு கட்டுவதா! முன்னால் நின்ற அம்மாள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாங்க இது, காலம் எப்படிப் போய்கினு இருக்குது பாருங்க" என்றார் பின்னால் நின்றவர்.

தூக்கைப் பிடுங்கிவிடலாமென்றால் தொடக் கூடாது. சொல்லிவிடலாமென்றால் இத்தனை பேர். வரிசை ஒரு அடி நகர்ந்தது. நாய்கள் ஒரு அடி நகர்ந்தன. படியேறிவிட்டால் முடிந்தது. எங்கள் குடும்பப் பெயர், அண்ணியின் நோன்பு, என் வாக்கு, எல்லாம். அப்போதுதான் பக்கத்துச் சந்தில் யாரோ பெரிய சரம் ஒன்றைப் பற்ற வைத்தார்கள். நல்லவேளை, இந்தச் சத்தத்தில் கத்தினால் அண்ணிக்கு மட்டும் கேட்கும் என்று கணக்குப் போட்டு, மூச்சை இழுத்து, முழுத் தொண்டையில் கத்தினேன்.

"அண்ணி! அதுல கறி இருக்குது!"

நான் வாயைத் திறந்த நொடியில் சரம் தீர்ந்துபோயிருந்தது.

ஈஸ்வரன் கோயில் வாசலில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பூக்காரம்மாவின் கையில் பூச்சரம் பாதி முழத்தில் நின்றது. எல்லாச் சட்டிகளும் அண்ணியின் சட்டியைத் திரும்பிப் பார்த்தன. அண்ணி குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். நாய்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விடியலிலிருந்து பட்டினி கிடந்த, குளித்தபின் ஒரு வார்த்தை பேசாத வாய் மெல்லத் திறந்தது.

"ஆடா? கோழியா?"

"ஆடு, அண்ணி."

வரிசையில் யாரோ ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்புறம் அடக்க முடியவில்லை, வரிசையே குலுங்கியது. சட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. வரிசையிலிருந்து விலகி வந்து தூக்கை என் கையில் திணித்தார்.

"மூணு நாயி பின்னாலயே வருதே, பைரவரு தொணைக்கு அனுப்பி வச்சிருக்காருன்னு நினைச்சுகினு வந்தேன்டா, பாவி. மனசுக்குள்ள கும்பிட்டுகினே வந்தேன்."

வீட்டுக்குத் திரும்பிய ஊர்வலத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்னால் அண்ணி. பின்னால் தூக்கோடு நான். எனக்குப் பின்னால் பைரவர்கள்.

வீட்டில் அடுத்த இடி காத்திருந்தது. நோன்புக்கு வைத்த அதிரசத்தில் பாதி நைனாவின் வயிற்றில். மீதி, திறந்து கைபட்ட சட்டி. எல்லாவற்றையும் புதிதாகச் சுட வேண்டும். நல்லவேளை, பாகு மாவு மிச்சமிருந்தது. அண்ணி மறுபடி குளிக்கப் போனார். தேவராஜ் பட்டறையில் காலிச் சீர்த்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"என்னால வந்த வம்பு. நான் கெளம்பறேன் மாப்ள. போற வழியில எதனா பாத்துக்கறேன்."

போகிற வழி என்றால் இன்னொரு கே.ஜி.கண்டிகை. எனக்குப் புரிந்தது. புவனாவுக்கும் புரிந்தது. மாவு உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பியவள் நின்றாள். உருண்டையைத் திரும்பச் சட்டியில் போட்டாள். கையைக் கழுவினாள். வந்து, பட்டறை வாசற்படிக்கு இந்தப் பக்கம், வெறும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு எலை போடு," என்றாள் என்னிடம்.

"இன்னும் அதிரசம்..."

"நீ சுடு."

"நானா?"

"உக்கார வைக்கறேன்னு சொன்ன இல்ல? உக்காந்துட்டேன். எங்கண்ணன் பக்கத்துல இல்லாம நான் நோன்ப முடிக்கறதா இல்ல. பட்டினி கெடந்தா கெடக்கறேன்."

குளித்துவிட்டு வந்த அண்ணி இதைக் கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் நின்றார். மூத்த மருமகளும் இளைய மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ வருஷமாக ஒருத்தி கட்டுவாள், ஒருத்தி சுடுவாள். நிலா போனைக் கீழே வைத்தாள். (அதிலிருந்தே நிலைமை புரிந்திருக்கும்.)

"அதிரசம் மருமவ கையால சுடணும்," என்றார் அண்ணி கடைசியில், கோயில் வாசலிலேயே உடைந்துபோன மௌனத்தை இனிக் காத்து என்ன என்பது போல. "நானும் மருமவதான். நான் சுடறேன். நீ எழுந்திருக்காத." என்னைப் பார்த்தார். "நீ விசிறு. நெருப்புக்கு இல்ல. எனக்கு."

அண்ணி சுட்டார். நான் விசிறினேன், எண்ணெய் எடுத்துக் கொடுத்தேன், திட்டு வாங்கினேன். சுட்டு அடுக்கி, அண்ணியே கயிறு கட்டி, சட்டியைத் தூக்குமுன் தேவராஜைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்பா, தட்ட கீழ வை. உன் எலைய வாசப்படிக்கு அந்தாண்ட போட்டுக்கோ. கவிச்சி உள்ள வரக் கூடாதுன்னுதான் சட்டம். உள்ள இருக்கறவங்க வெளிய பாத்துகினு உக்காரக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல."

சட்டத்தில் இருந்த ஓட்டை நீதிபதிக்கும் தெரிந்துதான் இருந்தது.

அண்ணி கோயிலுக்குப் போய்த் திரும்பியதும் பந்தி உட்கார்ந்தது. சாமி விளக்குக்குப் பக்கத்தில் அண்ணி. அடுத்து நைனா, சிவப்பு நூலும் களியுமாக, செத்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அடுத்து நிலா, பச்சை. கூடத்திலிருந்து இறங்கி, பின்கட்டு வழியாக வளைந்து, வாசற்படியில் வந்து முட்டும் இடத்தில் புவனா. படிக்கு அந்தப் பக்கம், ஓய்ந்த தறிகளின் நிழலில், தேவராஜ். தன் இலையை இழுத்து இழுத்துப் படியோடு ஒட்டி வைத்தார். அவர் இலையின் நுனி படியின் அந்தப் பக்கத்தைத் தொட்டது. புவனாவின் இலை இந்தப் பக்கத்தைத் தொட்டது. நடுவில் ஒரு சாண் மரம்.

"இன்னா, துன்னு" என்றார் தேவராஜ்.

"நீ மொதல்ல" என்றாள் அவள்.

மூடியின் மாவை உடைத்தார். வாசனை பட்டறையிலேயே நின்றது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். "அக்கா," என்று அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னார், "கோயில் வாசல் வரைக்கும் போய்ட்டு பத்திரமா வூடு திரும்புன ஆடு உலகத்துலயே இது ஒண்ணுதான்."

பந்தியின் மறுகோடியிலிருந்து பதில் வந்தது. "எலும்ப மெதுவா கடி தேவராஜி. சாமிக்குக் கேக்குது."

அந்த வரிசையில் யார் இலையில் இருந்ததும் அடுத்தவருக்கு ஆகாது. ஒரே ஒரு பதார்த்தம்கூடப் பொது இல்லை. உப்பைத் தவிர. ஆனால் புவனா உட்கார்ந்திருந்தாள். சூடாக இருக்கிறது என்று அதிரசத்தை ஊதினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எதையும் ஊதிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவள் முறை வரும்போது எப்போதும் எல்லாம் ஆறியிருக்கும்.

எனக்கு? எனக்குத்தான் எல்லாம் ஆகுமே. விளக்கிலிருந்து தறிவரைக்கும் ஓடி ஓடிப் பரிமாறிவிட்டு, கடைசியில் அடுப்பருகே நின்றுகொண்டு, மிச்சமிருந்த களியில் தேங்காய்ப்பால் பாயசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். அந்தச் சுவையை விவரிக்க இன்றுவரை எனக்குச் சொல் கிடைக்கவில்லை. தேடவும் இல்லை.

இப்போதும் எங்கள் தீபாவளிப் பந்தி அப்படித்தான், விளக்கிலிருந்து வளைந்து போய் வாசற்படியைத் தாண்டும். நிலாவின் வேண்டுதல் எத்தனையோ மாட்டுப் பொங்கலைத் தாண்டிவிட்டது. மாறியது ஒன்றுதான். வீட்டில் நூல் கட்டும் உரிமையை என்னிடமிருந்து பறித்துவிட்டார்கள். (தறியில் மட்டும் அனுமதி உண்டு.)

போன வருஷம் அண்ணியின் மகனுக்குக் கல்யாணமானது. புது மருமகள் முதல் நோன்புக்கு வந்திருந்தாள். அண்ணி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அடுக்குவது, மூடுவது, கட்டுவது. எல்லாம் முடிந்து, தூக்குவதற்கு முன் வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, வா" என்றார். நான் போனேன். குனிந்து, மூடிமேல் மூக்கை வைத்து, மூச்சை நன்றாக இழுத்தேன்.

அந்தப் பெண் பயபக்தியோடு கேட்டாள், "சின்ன மாமா எதுக்கு அத்தை மோந்து பாக்கறாரு?"

"நம்ம வம்சத்து வழக்கம்மா," என்றார் அண்ணி, முகத்தில் ஒரு தசைகூட அசையாமல். "வூட்டு ஆம்பள மோந்து பாத்துச் சொன்னாதான் சட்டிய எடுக்கணும்."

அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டாள். அவள் தன் மருமகளுக்குச் சொல்வாள். அந்த மருமகள் அவள் மருமகளுக்கு. இன்னும் எத்தனை தலைமுறை ஆண்களின் மூக்கை நான் அந்தச் சட்டிமேல் அடகு வைத்திருக்கிறேனோ தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் நான் நிமிர்வதற்குள், வாசற்படியில் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே, தெருவுக்கே கேட்கிற மாதிரி புவனா குரல் கொடுப்பாள்:

"இன்னா, ஆடா? கோழியா?"

"அதிரசம்" என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சட்டி எழும்.